மார்த்தாண்டம் ரப்பர் புகைப்புரையில் ஈன்ற பூனை: பதில்

சகோதரி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புரையில் பூனை ஈன்றிருக்கிறது, தாய் சீறுகிறது, நாலு குட்டிக்கும் ஐந்து வாரம், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். தாயைப் பிடிக்கும்வரை குட்டிகளைத் தொடாதீர்கள், ஒன்றை எடுத்தால் மற்றதைத் தூக்கிக்கொண்டு தாய் இடம் மாறும். முதலில் தாயைப் பிடியுங்கள். பொறிக்கூண்டின் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, மூன்று நாலு நாள் அதற்குள்ளேயே சாளை மீன் வையுங்கள். பிறகு ஒரு வேளை பட்டினி போட்டு, மிதித்தால் கதவு விழும் மிதிபலகைக்குப் பின்னால் மீனை வைத்துக் கயிற்றை அவிழுங்கள். கதவு விழுந்ததும் கூண்டைத் துணியால் முழுக்க மூடுங்கள், இல்லையென்றால் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும்.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். பாலூட்டுவதை மருத்துவரிடம் சொல்லி, விலாப்பக்கம் கீற முடியுமா என்று கேளுங்கள். அடிவயிற்றில் மடி வீங்கியிருக்கும், குட்டிகளும் முட்டும். மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகே குட்டிகளிடம் விடுங்கள். கருத்தடை செய்தாலும் பால் வற்றாது.

குட்டிகள் பழகும் பருவம் ஏழெட்டு வாரத்தில் மூடிவிடும். அதனால் தாய் பிடிபட்டதுமே தினமும் கையால் மீன் ஊட்டுங்கள். பசும்பால் வேண்டாம், கழியும். நாய்க்கான உண்ணிமருந்தைத் தொடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும். எட்டு வாரம் முடிந்து தடுப்பூசி போட்டபின், குட்டிகளை இரண்டிரண்டாக வளர்க்கக் கொடுங்கள்.

கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள்.