கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடும் சர்வீஸ், கணினி பூட் ஆகும்போது மட்டும் ஏன் விழுகிறது?

சர்வீஸ் என்பது திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் புரோகிராம். லினக்ஸில் பெரும்பாலும் சிஸ்டம்டிதான் அதைக் கிளப்பும். சர்வீஸை எப்படி, எப்போது கிளப்ப வேண்டும் என்று எழுதியிருக்கும் யூனிட் ஃபைலின் 'ஆஃப்டர்' வரியில் 'நெட்வொர்க்.டார்கெட்' (டார்கெட் என்பது பூட் ஆவதில் ஒரு கட்டத்தின் பெயர்) மட்டும் இருந்தால், நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் கிளம்பியதுமே உங்கள் சர்வீஸும் கிளம்பிவிடும். ஐபி முகவரி அதற்குள் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாபநாசம் அணையில் ஷட்டரைத் திறந்தாச்சு என்பதற்காக, பாளையங்கால்வாயின் கடைமடையில் அப்போதே நாற்று நட முடியாதே! நீங்கள் கையால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும், அதனால்தான் ஓடுகிறது.

முதலில் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் பூட் நேரத்துப் பதிவைப் பாருங்கள். நெட்வொர்க் எட்டவில்லை என்ற பிழை இருந்தால், 'ஆஃப்டர்' வரியை 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்று மாற்றுங்கள்.

'ஆஃப்டர்' போட்டாலே அந்த டார்கெட்டும் கிளம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வரிசையை மட்டும்தான் சொல்லும், டார்கெட்டையும் கிளப்பச் சொல்ல 'வான்ட்ஸ்' வரியிலும் அதே பெயரைச் சேர்க்க வேண்டும்.