தேஜோனில் என்ன சாப்பிடலாம்? முதலில் சாற்றைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஆய்வுப் பணிக்காக அடுத்த மாதம் தென்கொரியாவின் தேஜோன் நகருக்கு மனைவியுடன் செல்கிறேன். நான் கோழியும் மீனும் சாப்பிடுவேன். மாடு, பன்றி வேண்டாம். மனைவி முட்டையும் தொடாத சைவம். கொரியாவில் வாழும் வெளிநாட்டவருக்குப் பிடித்த உணவுகள் என்று எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் சம்க்யொப்சல், புல்கோகி, பூதே ஜிகே என்றே இருக்கிறது. எங்களுக்கு ஏதாவது தேறுமா? எதில் தொடங்கலாம்?

பதில்: நிறையவே தேறும். ஆனால் அந்தப் பட்டியல்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் எல்லா இறைச்சியும் உண்பவர்கள். சம்க்யொப்சல் என்பது பன்றியின் வயிற்றுக் கறியை மேசை நடுவில் சுட்டு இலையில் மடித்து உண்பது. புல்கோகி என்பது சோயா சாஸிலும் பேரிக்காய்ச் சாற்றிலும் ஊறிய மாட்டிறைச்சி. பூதே ஜிகே கொரியப் போருக்குப் பின் பிறந்த குழம்பு. அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சி என்ற புளித்த முட்டைக்கோஸ் ஊறுகாயோடு கொதிக்க வைத்தார்கள். அதன் பின்னுள்ள வறுமையின் கதை நெஞ்சைத் தொடும். இருந்தாலும் உங்கள் தட்டுக்கு இம்மூன்றும் ஆகாது.

தேஜோனில் ஒன்பது ஆண்டுகள் சமைத்தும் கடைகளில் உண்டும் நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரியச் சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் பெரிய தொல்லை இல்லை. எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அடியில் இருக்கும் சாறுதான் சிக்கல். நமக்குப் பருப்பு வேகவைத்த நீர் எப்படியோ, அப்படி அங்கே காய்ந்த நெத்திலியும் தாசிமா என்ற கடற்பாசியும் கொதித்த நீர். சோயா விழுதில் செய்யும் தோன்ஜாங் ஜிகே பார்வைக்குச் சுத்த சைவம். பூசணியும் சோயாக்கட்டியும் (டோஃபு) மிதக்கும். ஆனால் கொதித்தது பெரும்பாலும் நெத்திலிச் சாற்றில். சில கடைகளில் மாட்டிறைச்சிச் சாற்றுப் பொடியும் ஒரு கரண்டி விழும். உங்களுக்கு நெத்திலி பிரச்சினையில்லை, பொடி பிரச்சினை. உங்கள் மனைவிக்கு இரண்டுமே ஆகாது.

‘கோகி பெ ஜுசேயோ’ என்றால் ‘இறைச்சி இல்லாமல் தாருங்கள்’. எல்லா வழிகாட்டிகளும் கற்றுத்தருவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதை நம்பி முதல் மாதத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியம்மா சிரித்த முகத்தோடு தலையசைத்துக் கொண்டுவந்து வைத்தார். கறித்துண்டு ஒன்றுகூட இல்லை; மேலே பன்றி ஹாம் சீவல்கள் அழகாகப் பரப்பியிருந்தன. அவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் ‘கோகி’ என்பது அடுப்பில் சுடும் கறி; ஹாம் வேறு. ஆகவே பொதுச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி சோகோகி, பன்றி த்வேஜிகோகி, மீன்மாவுத் துண்டு ஓமுக், முட்டை கேரான், ஹாமுக்கு ஹேம். எது வேண்டாமோ அதன் பெயரோடு ‘பெ ஜுசேயோ’ சேர்த்தால் போதும். குழம்பு வகையானால் ‘ம்யோல்ச்சி யுக்சுயேயோ?’ என்று கேளுங்கள், ‘நெத்திலிச் சாறா?’ என்று பொருள். ‘சாகோல்’ என்று பதில் வந்தால் அது மாட்டெலும்புச் சாறு. நன்றி சொல்லிவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

பட்டியல்களில் தவறாமல் வருவதும் உங்கள் இருவருக்கும் பொருந்துவதும் பிபிம்பாப். சோற்றின்மேல் முளைகட்டிய சோயா, பசலை, காரட், காளான், சில இடங்களில் கோசாரி என்ற பெரணித் தளிர் ஆகியவற்றைத் தனித்தனியாக வதக்கி வைத்து, கோசுஜாங் என்ற மிளகாய் விழுதையும் நல்லெண்ணெயையும் விட்டுக் கரண்டியால் பிசைந்து உண்பார்கள். சூடேற்றிய கற்சட்டியில் தரும் தோல்சொத் பிபிம்பாப்பில் அடிச்சோறு மொறுமொறுவென்று காந்திப் பிடித்துக்கொள்ளும். அடிப்பிடித்த சோற்றுக்காகப் பிள்ளைகள் சண்டை போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவையை விளக்க வேண்டியதில்லை. கறியும் முட்டையும் நீக்கினால் உங்கள் மனைவிக்கும் ஆகும். ஆனால் கோசுஜாங்கில் மாட்டுக்கறியைப் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்க்கும் வழக்கம் உண்டு. அதைத் தனிக் கிண்ணத்தில் கேட்டுப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

பிபிம்பாப்புக்குப் பெயர்பெற்ற ஊர் ஜொன்ஜு. யுனெஸ்கோ 2012இல் உணவுக்கலை நகரமாக ஏற்றது. தேஜோனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் எல்லோரும் அங்கேதான் அனுப்புவார்கள். மரபான ஜொன்ஜு முறையில் சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள். மேலே பச்சை மாட்டிறைச்சியும் வைப்பார்கள். ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சோற்றை விசாரிக்காமல் உண்ண வேண்டாம்.

தேஜோனுக்கே உரிய இரண்டு உணவுகளை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. முதலாவது தோத்தோரிமுக். கருவாலி மரத்தின் கொட்டையை அரைத்து, கசப்பு போக ஊறவைத்து, அதன் மாவைக் காய்ச்சி ஆறவிட்டால் பழுப்பு நிறத்தில் நுங்குபோல் நடுங்கும் கூழ்க்கட்டி கிடைக்கும். யூசோங் பகுதியின் கூஜுக் அதற்குப் புகழ்பெற்ற இடம். சோயா சாஸ், எள், மிளகாய்ப் பொடி, கீரை சேர்த்துப் பிசறியதைக் கேளுங்கள்; சாற்றில் மிதக்கவிட்டுத் தரும் வகையை மனைவிக்கு வாங்காதீர்கள். இரண்டாவது துபு துருச்சிகி: சோயாக்கட்டியைக் காரச் சாந்தில் பிரட்டுவது. அதில் நெத்திலிச் சாறு சேரும், சில கடைகளில் பன்றியும் சேரும். கேட்டு உறுதி செய்துகொண்டு நீங்கள் சாப்பிடலாம்.

கோடையில் சென்றால் கொங்குக்சு கிடைக்கும். ஊறிய சோயாவை அரைத்த கெட்டிப் பாலைக் குளிரவைத்து, அதில் கோதுமை நூடுல்ஸ் போட்டு உப்பு தூவி உண்பது. தென்மேற்கே ஜொல்லா பகுதிக்காரர்கள் சர்க்கரை போடுவார்கள். மேலே வைக்கும் அரை முட்டையை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு அதைவிட நிறைவான சைவச் சாப்பாட்டை அந்த நாட்டில் நான் கண்டதில்லை.

பௌத்த மடங்களின் சமையலை ஒருமுறையாவது உண்ணுங்கள். மீன் சாறு இல்லை, இறைச்சி இல்லை. பூண்டு, வெங்காயம் உட்பட ஐந்து காரமணப் பொருள்களும் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று பெருங்காயம் என்று அறிந்தபோது வியந்தேன். நம் சமையலில் பூண்டு வெங்காயத்தை ஒதுக்கும் வீடுகள் அவற்றுக்கு ஈடாகப் பெருங்காயத்தைத்தான் தாளிக்கின்றன.

இனி உங்கள் பக்கம். உலகெங்கும் கொரிய உணவை உண்பவர்களிடம் ஹன்சிக் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் ஆய்வுகளில் அண்மை ஆண்டுகளில் முன்னால் நிற்பது பிபிம்பாப்போ புல்கோகியோ அல்ல, வறுத்த கோழி. காரணம் எளிது. ஒரு கிலோ அளவுள்ள இளங்கோழியை வெட்டி, மெல்லிய மாவுப் பூச்சோடு இருமுறை பொரிக்கிறார்கள். முதல் பொரிப்பில் கறி வேகும். இரண்டாவதில் தோலடியில் மிஞ்சிய ஈரம் வெளியேறித் தோல் முறுகும். அதனால்தான் மேலே இனிப்பும் காரமுமான சாந்து பூசிய யாங்ன்யொம் வகையும் சட்டென்று நமத்துப்போவதில்லை. கூடவே ஊறிய வெள்ளை முள்ளங்கித் துண்டுகள் வரும். அவற்றை உங்கள் மனைவியும் சாப்பிடலாம்.

அடுத்தது தக்கால்பி. சுன்சொன் நகரத்து உணவு. இன்று நாடெங்கும் கிடைக்கிறது. கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகள் எல்லாவற்றையும் பெரிய இரும்புத் தட்டில் உங்கள் முன்னாலேயே பிரட்டுவார்கள். தீர்ந்ததும் அதே தட்டில் சோறு போட்டுக் கிளறுவார்கள். சிக்கல் ஒன்றுதான்: பெரும்பாலும் இரண்டு பேர் பங்குக்குக் குறைவாகத் தரமாட்டார்கள். மனைவி உண்ணமாட்டார் என்பதால் ஆய்வகத் தோழர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அவரும் மகிழ்வார். கோழியைச் சோயா சாஸில் வேகவைத்த ஆந்தோங் நகரத்து ஜிம்தாக்கும் இப்படியே.

சம்கேதாங் வேறு குணம். சிறு கோழியின் வயிற்றில் பசையரிசி, ஜின்செங் வேர், பூண்டு, இலந்தையினப் பழம் வைத்துத் தைத்து வேகவைத்தது. கடும் வெயில் காலத்தில் போக் என்ற மூன்று நாள்களில் ஊரே வரிசையில் நின்று உண்ணும். நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்றிருக்கும். உப்பைத் தனியே தருவார்கள், தொட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடந்தவருக்கு அம்மா வைக்கும் கோழிக்கஞ்சியின் அருகே வைக்கத் தகுந்தது. மீனில் கோதுங்கோ வறுவலைச் சொல்வேன். நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கிய உறவு, சோற்றோடு மதியச் சாப்பாடாகவே கிடைக்கும்.

‘கொரியர்களும் காரம் உண்பவர்கள், நமக்கு எளிது’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மிளகாய் அங்கே சென்றது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். நம்மைப் போலவே கடல்வழி வந்த பொருளைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்களின் மிளகாய்ப் பொடி விதை நீக்கியது, எரிச்சல் குறைந்தது, இனிப்பு வாடை உள்ளது. நம்மவர்கள் அங்கே தடுமாறுவது காரத்தில் அல்ல, காரத்தோடு வரும் இனிப்பில்தான். காரச் சாந்தில் கொதித்த அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகளான தொக்போக்கி இதற்கு நல்ல சான்று. சிவப்பைப் பார்த்து ஆசையாக வாயில் போட்டவர்கள் பாகு குடித்ததுபோல் விழிப்பார்கள். அதில் ஓமுக்கும் நெத்திலிச் சாறும் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

கிம்ச்சி எல்லா மேசைக்கும் இலவசமாக வரும். கேட்டால் இன்னும் தருவார்கள். ஆனால் வழக்கமான கிம்ச்சியில் உப்பிட்ட இறால் அல்லது நெத்திலிச் சாந்து உண்டு. நீங்கள் புதிதாகப் பிசறியதில் தொடங்குங்கள். மாதக்கணக்கில் புளித்ததை நாக்கு பழகிய பிறகு சோற்றோடு வதக்கி உண்ணலாம். மனைவிக்கு வீட்டிலேயே செய்துவிடலாம்: உப்பிட்டுத் துவளவைத்த நாப்பா முட்டைக்கோஸுக்கு அரிசிமாவுக் கஞ்சி, அவர்களின் மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, பேரிக்காய் விழுது, மீன் சாந்துக்குப் பதிலாகச் சோயா சாஸ். ஒரு நாள் வெளியில் வைத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்காலத்துக்காகக் கூடிச் செய்யும் கிம்ஜாங் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது. நவம்பர் வாக்கில் அண்டை வீட்டார் அழைத்தால் மறுக்காமல் போய் உதவுங்கள்.

பொட்டலப் பொருள்கள் வாங்கும்போது பின்புறத்தில் தனிக் கட்டத்தில் அச்சிட்ட ஒவ்வாமைக் குறிப்பைக் கைப்பேசியால் மொழிபெயர்த்துப் பாருங்கள். கொரியச் சட்டப்படி அதில் மாடு, பன்றி, கோழி, முட்டை, இறால் எல்லாம் குறிப்பிடப்பட வேண்டும். நெத்திலி அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு மட்டும் மேலே உள்ள உட்பொருள் வரிகளைத் தேட வேண்டும். மனைவிக்கு நூடுல்ஸ் வாங்கும்போது இதை மறக்காதீர்கள்.

எதில் தொடங்கலாம் என்றீர்கள். சென்று சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நகரப் பேருந்தில் கேர்யோங் மலையடிவாரத்துக்குப் போங்கள். அங்கே பிக்குணிகள் பயிலும் தோங்ஹாக்சா மடத்துக்குச் செல்லும் வழியில் வரிசையாகக் கடைகள் உள்ளன. மலைக்கீரைகள் போட்ட சாஞ்செ பிபிம்பாப் இரண்டு, ஒன்றில் முட்டை இல்லாமல். கூடவே ஒரு தோத்தோரிமுக். நடந்துவிட்டு வந்தால் பதினொன்றரை மணிக்கே பசிக்கும்; கூட்டம் பன்னிரண்டுக்குமேல்தான் வரும்.