அசோகரைப் பற்றிப் படம் எடுத்தால் எவ்வளவு உண்மையாக எடுக்க முடியும்?

அசோகர் காலத்தைத் திரையில் நம்பும்படி காட்ட ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் கலை இயக்குநர் முதலில் கற்கோட்டையை மறந்துவிட வேண்டும். அவரது தலைநகரான பாடலிபுத்திரத்தின் மதில் மரத்தாலானது. 64 வாயில்கள், 570 காவல் கோபுரங்கள் என்பது கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் தந்த கணக்கு. அந்த நகரம் இருந்த இன்றைய பாட்னாவின் புலந்திபாக்கில் தோண்டியபோது அந்த மரவேலியின் கட்டைகளே கிடைத்தன.

உடைக்கு பார்ஹுத், சாஞ்சி பௌத்த ஸ்தூபிகளின் சிற்பங்கள் போதும். சற்றுப் பிந்தியவைதான், பரவாயில்லை. இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, தலைப்பாகை, நிறைய நகை. ஷெர்வானி வேண்டவே வேண்டாம். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியும் அன்று கிடையாது. ஸ்டண்ட் மாஸ்டருக்குத்தான் தலைவலி. பாதுகாப்புக்காக மாட்டிவிட்டு, துணி போட்டு மறைக்க வேண்டியதுதான்.

சிக்கலே கதையில்தான். கலிங்கப் போரைப் பற்றி அசோகரே பேசுவது 13ஆம் பாறைக் கல்வெட்டில்: ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்கிறார். எதிரி அரசன் யார் என்று ஒரு வரி இல்லை. 99 சகோதரர்களைக் கொன்ற கதையெல்லாம் இலங்கையின் மகாவம்சம் போன்ற பிற்கால நூல்களில் வருவது.

அப்புறம் இன்னொன்று. தோற்ற கலிங்கத்தில், தௌலி, ஜௌகடா பாறைகளில், அந்த 13ஆம் கல்வெட்டு இல்லை! 11, 12ஆம் கல்வெட்டுகளும் இல்லை. பதிலுக்கு, எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று சொல்லும் தனி ஆணைகளைப் பொறித்திருக்கிறார்கள். நான் இயக்குநரானால், போர்க்களத்தில் வாளை வீசியெறியும் வழக்கமான காட்சியைத் தூக்கிவிட்டு, எதைப் பொறிக்கக் கூடாது என்று அரசர் எழுத்தரிடம் சொல்வதைத்தான் எடுப்பேன்.