காளானுக்கு ஏன் தனி உலகம்?

கேள்வி: நான் பள்ளியில் படித்தபோது காளானைத் தாவரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது என் மகளின் பாடநூலில் அது தனி ‘உலகமாக’, அதாவது தாவரங்கள், விலங்குகளுக்கு இணையான உயர்நிலைப் பிரிவாக, இருக்கிறது. உயிரினங்களை எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள்? அந்தப் பிரிவு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பதில்: வகைப்பாடு என்பது உயிரினங்களுக்கு இடையிலான உறவைப் பற்றிய கருதுகோள், ஆகவே புதிய சான்று கிடைக்கும்போது அதைத் திருத்தித்தான் ஆக வேண்டும். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ், தாவரம், விலங்கு என இரண்டு உலகங்களை வகுத்து, நெருங்கிய சிற்றினங்களின் குழுவான பேரினத்தின் பெயரும் சிற்றினப் பெயரும் சேர்ந்த இருசொற்பெயரைத் தாவரங்களுக்கு 1753இலும் விலங்குகளுக்கு 1758இலும் சீராக வழங்கியபோது, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்த உடலமைப்பையே நம்பியிருந்தார். அவரே தம் பட்டியலைத் திருத்தியும் இருக்கிறார்: முந்தைய பதிப்புகளில் மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலத்தை, 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

1859இல் பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்த பிறகு வகைப்பாட்டுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பொதுவான மூதாதையிலிருந்து வந்தவை என்பதால்தான் உயிரினங்கள் குழுவுக்குள் குழுவாக அடங்குகின்றன என்பது அதன்பின் தெளிவாயிற்று.

காளானை அருகில் வைத்துப் பாருங்கள். இடம்விட்டு நகராமல் முளைத்து நிற்பதைத் தவிர, தாவரத்தோடு அதற்கு ஒப்புமை குறைவு. அதில் பச்சையம் இல்லை. மக்கும் மரத்துக்குள் மெல்லிய பூஞ்சை இழைகளைப் பரப்பி, நொதிகளை வெளியே சுரந்து, அங்கேயே செரித்த உணவை உறிஞ்சிக்கொள்கிறது. தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது. பூஞ்சையின் செல்சுவரிலோ பூச்சிகளின் புற ஓட்டில் உள்ள கைட்டின் இருக்கிறது. அது சேமித்து வைப்பதும் நம் கல்லீரலில் உள்ளதைப் போன்ற கிளைக்கோஜனைத்தான், ஸ்டார்ச்சை அல்ல. இவற்றில் உணவு பெறும் முறைக்கு முதன்மை தந்த சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர், 1969இல் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் அளித்தார். பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது, பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அதோடும் நிற்கவில்லை. 1977இல் நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ் குழுவினர், செல்லில் புரதம் உருவாக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ. மூலக்கூறை ஒப்பிட்டு, பாக்டீரியாக்கள் என்று எண்ணப்பட்ட சில நுண்ணுயிரிகள் முற்றிலும் வேறு மரபுவழி எனக் கண்டனர். அவையே ஆர்க்கியா. அதன் விளைவாக 1990இல், உலகங்களுக்கும் மேலே மூன்று பெரும்பிரிவுகள் முன்மொழியப்பட்டன.

கேள்வி: சிங்கமும் புலியும் கூடினால் குட்டி பிறக்கும் என்கிறார்களே, பிறகு எப்படி இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள்?

பதில்: 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் தந்த வரையறையின்படி, இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் விலகி நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம். இதில் ‘இயற்கையில்’ என்பது முக்கியம். சிங்கமும் புலியும் கலந்த குட்டிகள் மனிதர் அடைத்து வளர்க்கும் இடங்களில்தான் பிறந்திருக்கின்றன. அவற்றில் ஆண்கள் பொதுவாக மலடாகவே இருக்கின்றன. ஆயினும் இந்த வரையறை எல்லா உயிர்களுக்கும் பொருந்தாது. இணைசேராமல் இரண்டாகப் பிளந்து பெருகும் பாக்டீரியாக்களுக்கு மரபணு ஒப்புமையையும், புதைபடிவமாக மட்டும் எஞ்சியிருக்கும் விலங்குகளுக்கு எலும்பு, பல் ஆகியவற்றின் வடிவத்தையும் கொண்டே சிற்றினத்தை முடிவு செய்கிறார்கள்.