சரித்துப் பிடித்த வில்லை

அன்புள்ள அக்கா,
கிளிநொச்சியில் உயர்தரம் முடித்துவிட்டு இருக்கிறேன். லேசரால் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து நிற்கும் வாயுவில், இலத்திரன்களை ஆர்முடுக்குவது பற்றி வாசித்தேன். லேசர்க் கற்றையின் தரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? வலுவைக் கூட்டினால் போதாதா? எத்தனை வாட் வேண்டும்? வன்னியில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிப்பது வீண் வேலை என்கிறார்கள் நண்பர்கள்.

அன்புள்ள தம்பி,

வாட் கணக்கை விடுங்கள், தேடினால் கிடைக்கும். தரம் பற்றிக் கேட்டதற்குத்தான் எழுதுகிறேன். போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒளியைக் குவிக்கும் பழைய கண்ணாடி வில்லை ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து எனக்கும் இதே யோசனைதான்.

1997. இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் இருந்தோம். தறப்பாளுக்குக் கீழே பள்ளிக்கூடம். எங்கள் ஆய்வுகூடம் முழுவதும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் அடங்கும். ஒருநாள் உச்சி வெயிலில் சேர் எங்களை வெளியே கூட்டிப்போனார். கொப்பித் தாள் ஒன்றை மணலில் வைத்து, வில்லையை நேராகப் பிடித்தார். மிளகளவு ஒளிப்பொட்டு. உடனே புகைந்தது. பிறகு வில்லையைக் கொஞ்சம் சரித்தார். பொட்டுக்கு வால்வெள்ளி மாதிரி ஒரு வால் முளைத்தது. தாள் சூடானது, புகை வரவில்லை. "வெயில் குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஓம் என்றோம். அவருக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதே வெயில், அதே வில்லை. நீங்கள் கேட்டதும் நாங்கள் அன்று சொன்ன அந்த "ஓம்" தான்.

இந்த வால் விழும் குறைக்குக் கோமா என்று பெயர். இனி லேசருக்கு வருவோம். இலத்திரன்களை ஆர்முடுக்க 1979இல் தஜிமா, டோசன் என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் சொன்ன வழி இது: குறுகிய லேசர்த் துடிப்பு பிளாஸ்மாவின் இலத்திரன்களை விலக்கிக்கொண்டு ஓடும். நந்திக்கடலில் தோணிக்குப் பின்னால் எழும்புவது போல ஓர் அலை எழும்பும். அந்த அலையில் ஏறிய இலத்திரன் வேகம் பிடிக்கும். இதற்குக் குவியத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 10¹⁸ வாட் அளவில் செறிவு வேண்டும். வாலுக்குள்ளும் ஓரத்து மங்கலுக்குள்ளும் போன சக்தி அலையைத் தள்ளாது. அதைவிடக் கெடுதல், பொட்டு ஒருபக்கம் சரிந்தால் அலையும் சரியும். அதில் போகும் இலத்திரன்கள் பக்கவாட்டில் ஆடும், இலத்திரன் கற்றை அகன்றுபோகும். அலைமுகம், அதாவது ஒளியலையின் முன்பரப்பு, கெட்ட லேசருக்கு வலுவைக் கூட்டினால் வாலுக்கும் சேர்த்துத்தான் கூட்டுகிறீர்கள். அதனால்தான் வளைந்து கொடுக்கும் ஆடிகளை வைத்து அலைமுகத்தைத் திருத்துகிறார்கள். 2019இல் அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில் 20 சென்ரிமீற்றர் நீளக் குழாய்க்குள் இலத்திரன்களை 780 கோடி இலத்திரன் வோல்ற்று வரை கொண்டுபோனார்கள். அந்த நீளத்தை உங்கள் அடிமட்டத்தில் அளந்து பாருங்கள்.

அப்புறம் அந்த "வன்னியில் இருந்துகொண்டு". இனி எனக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சொல் வரக்கூடாது. ஷெல் சத்தத்துக்கு நடுவில், தறப்பாளுக்குக் கீழே நின்று ஒரு மனிதர் எங்களுக்குக் கோமா படிப்பித்தார். உங்களுக்கு அறிவியல்நகரில் பொறியியல் பீடமே இருக்கிறது. நண்பர்கள் சொன்னதை என்னிடம் கொண்டுவராதீர்கள், ராசா.

ஒரு வில்லை தேடி எடுங்கள். உச்சி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, ஒவ்வொரு சரிவிலும் பொட்டு எப்படி இருக்கிறதென்று கொப்பியில் வரைந்து அனுப்புங்கள். பொட்டை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். படங்கள் வந்ததும் மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா