நீர்விமானம் தண்ணீரை விட்டு எழும்பவில்லையா? வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்து நிற்கும் மாதங்களில் நீர்விமானம் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. ஃபோம் ஷீட்டில் வீட்டிலேயே கட்டிய ரேடியோ கண்ட்ரோல் விமானங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பலர் தரையில் பறக்கவிட்டுப் பழகியவர்கள். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் மோட்டாரையும் இறக்கையையும்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். தண்ணீரை விட்டுக் கிளம்பும் வரை நீர்விமானம் ஒரு படகு. படகாகச் சரியில்லாத விமானம், பறக்கும் வலு இருந்தும் தண்ணீரிலேயே கிடக்கும்.

கேள்வி: 6 மி.மீ. டெப்ரான் (எடை குறைந்த ஒரு வகை ஃபோம்) ஷீட்டில் ஒரு மீட்டர் இறக்கை வைத்து நீர்விமானம் கட்டினேன். எடை 850 கிராம். 2212 மோட்டார், 1400 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று), 3 செல் பேட்டரி. கையால் எறிந்தால் அருமையாகப் பறக்கிறது. தண்ணீரில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏரி முழுக்க ஓடுகிறதே தவிர எழும்பவில்லை. பெரிய மோட்டார் போடட்டுமா?

வேண்டாம். கையால் எறிந்து பறக்கிறது என்றால் பறப்பதற்கான வலு இருக்கிறது. இந்த அளவு விமானத்துக்குத் தண்ணீரில் கிளம்ப, கிலோவுக்கு 200 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். உங்கள் மோட்டார் சரியான புரொப்பெல்லரோடு அதைக் கொடுத்துவிடும். பெரிய மோட்டார் போட்டால் பெரிய பேட்டரி கேட்கும், எடை கூடும், அடிப்பாகம் இன்னும் ஆழமாக அமிழும்.

விமானத்தைப் புரட்டிப் போட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் குறுக்கே படி, அதாவது அடிப்பாகம் சட்டென்று மேலே ஏறும் வெட்டு, இருக்கிறதா? வேகம் கூடும்போது அடிப்பாகத்தின் முன்பாதி தண்ணீரின் மேல் ஏறி வழுக்க வேண்டும், பின்பாதி தண்ணீரை விட்டு விலகிவிட வேண்டும். படி இல்லாவிட்டால், தண்ணீர் பின்பக்கத்து வளைவை ஒட்டியே ஓடி வாலைக் கீழே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மூக்கு மேலே, வால் கீழே என்று ஏரி முழுக்க ஓடுவது அதனால்தான். படி இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் அறுந்து, உள்ளே காற்று புகும்.

இது நம் சின்ன விமானங்களுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. 1910 மார்ச் 28 அன்று பிரான்சில் மார்டீக் ஊருக்குப் பக்கத்தில் ஆன்ரி ஃபாப்ர் முதன்முதலாக இன்ஜின் பூட்டிய விமானத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பினார். அது மிதவைகளில் நின்ற விமானம். இரண்டு வருடம் கழித்து, உடம்பே படகாக இருக்கும் விமானத்தை அமெரிக்காவில் கிளென் கர்டிஸ் கட்டியபோது, தண்ணீர் அடிப்பாகத்தை விடவில்லை. படி வைத்த பிறகுதான் எழும்பியது. இன்று வரை நீர்விமானங்களில் அந்தப் படி இருக்கிறது.

உங்கள் அளவுக்குப் படியின் ஆழம் 10 முதல் 12 மி.மீ. இருக்கட்டும். இடம்தான் ரொம்ப முக்கியம்: சி.ஜி.க்கு (விமானத்தின் எடை சமநிலையாக நிற்கும் புள்ளி) நேர் கீழே, அல்லது அதிலிருந்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால். ரொம்பப் பின்னால் போனால் கிளம்பும் நேரத்தில் மூக்கைத் தூக்க முடியாது. முன்னால் போனால் தவளை மாதிரி குதித்துக் குதித்து ஓடும். புதிதாக உடம்பு கட்ட வேண்டியதில்லை. இரண்டு 6 மி.மீ. ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, முன்பாதியின் அடியில் படி வர வேண்டிய இடம் வரை வைத்து, மூக்குப் பக்கம் மெல்லியதாகச் சீவிவிடுங்கள். படிக்குப் பின்னால் உள்ள அடிப்பாகம் வாலை நோக்கி ஏழெட்டு டிகிரி மேலேறிப் போகட்டும்.

இன்னொன்று, பலர் பார்க்கத் தவறுவது. அடிப்பாகத்தின் பக்கவாட்டு ஓரங்களையும் படியின் ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று உருட்டிவிடுகிறார்கள். காற்றுக்கு அது நல்லது, தண்ணீருக்கு ஆகாது. உருண்ட ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பக்கவாட்டில் மேலேறும், புரொப்பெல்லர் வரை தெறிக்கும். ஓரம் கத்தி போலக் கூராக இருக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் ஒரு சென்டிமீட்டர் பட்டை வெட்டி, ஓரத்துக்கு வெளியே 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினாலே வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு செய்தும் கிளம்பவில்லை என்றால், கரையிலிருந்து ஒருவரைப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் உடம்பை விட்டுப் பிரிகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோளாறு அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: டெப்ரான் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஸ்டேஷனரி கடைத் தெர்மோகோல், சன்போர்டு இதில் எது பரவாயில்லை?

சன்போர்டு வேண்டாம். கடினமாக, நேர்த்தியாக இருக்கும், ஆனால் எடை அதிகம். இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டில் கட்டலாம். வெட்டிய ஓரங்களில் காகிதம் தண்ணீர் குடித்து உப்பிவிடும் என்பதால் ஓரங்களை எல்லாம் டேப்பால் மூட வேண்டும். சாதாரணத் தெர்மோகோலில் மணிகளுக்கு இடையே தண்ணீர் மெல்ல இறங்கும். அடர்த்தியான ரகமாகப் பார்த்து வாங்கி, அடிப்பாகம் முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டினால் அதுவும் உழைக்கும். கட்டடங்களுக்கு வெப்பத் தடுப்பாகப் போடும் எக்ஸ்.பி.எஸ். பலகை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அதற்குள் ஏறாது.

பசையில் கவனம் வேண்டும். ஃபெவிகுயிக் போன்ற சாதாரண உடனடிப் பசையும் ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மோகோல், டெப்ரான் இரண்டையுமே கரைத்துவிடும். ஐந்து நிமிட எபாக்சி, ஹாட் க்ளூ, ஃபோமுக்கென்றே விற்கும் பசை மூன்றும் பாதுகாப்பானவை. வெள்ளை மரப்பசையை இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவில் போட்டு ஒட்டினால் உள்ளே காற்று போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். முழுத் துண்டின் ஒரு ஓரத்தில் வெட்டி எடுத்த சிறு துண்டில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: மோட்டாரை உடம்புக்கு மேலே கம்பம் வைத்துப் பொருத்தியிருக்கிறேன். த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றினால் மூக்கு கீழே குத்துகிறது. குறைத்தால் மேலே தூக்குகிறது. சி.ஜி. தப்பா?

சி.ஜி. இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவிகிதத்துக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். மோட்டார் சி.ஜி.க்கு மேலே உயரத்தில் நின்று இழுக்கிறது, அதனால் மூக்கு கீழே போகிறது. தண்ணீர் தெறிப்பு புரொப்பெல்லரில் படாமல் இருக்க உயரத்தில் வைப்பது தேவைதான், ஆனால் தேவைக்கு மேல் உயர்த்திவிடுகிறோம். 9 அங்குலப் புரொப்பெல்லரை 7 அல்லது 8 அங்குலமாக மாற்றினால் கம்பத்தைக் குறைக்கலாம்.

அப்புறம், புரொப்பெல்லர் முன்பக்கம் இருக்கும் அமைப்பு என்றால் மோட்டாரை நாலு டிகிரி அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். இழுவைக் கோடு சி.ஜி.க்குப் பக்கத்தில் வரும். மீதியை ரிமோட்டில் த்ராட்டிலோடு எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) மிக்ஸ் செய்து, அதாவது இரண்டும் சேர்ந்து அசையும்படி வைத்து, சரிக்கட்டலாம். முதலில் சாய்வை மாற்றிப் பார்த்துவிட்டு மிக்ஸுக்கு வாருங்கள். மிக்ஸை மட்டும் நம்பினால் ஒரு வேகத்தில் சரியாக இருப்பது இன்னொரு வேகத்தில் சரியாக இருக்காது.

கேள்வி: தண்ணீரில் கவிழ்ந்தால் மோட்டார், இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), ரிசீவர் எல்லாம் போய்விடுமா? மெரினாவில் பறக்கவிடலாமா?

ஏரித் தண்ணீர் என்றால் பயப்படத் தேவையில்லை. பிரஷ்லெஸ் மோட்டார் நனைந்தாலும் ஓடும். வீட்டுக்கு வந்ததும் உலரவிட்டு, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் துருப்பிடிக்காது. இ.எஸ்.சி.யையும் ரிசீவரையும் எலெக்ட்ரானிக்ஸுக்கான சிலிகான் பூச்சுக் கொடுத்துக் காக்கலாம். ரிசீவரை பலூனுக்குள் போட்டுக் கட்டுவதும் நடக்கும். ஆனால் இ.எஸ்.சி.யை அப்படி மூடாதீர்கள், காற்று படாமல் சூடாகிவிடும்.

ரிசீவர் ஆன்டெனாவை உடம்பின் அடியில் விடாமல் இறக்கையிலோ வால் துடுப்பிலோ உயரமாக ஒட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ஆன்டெனா மூழ்கினால் சிக்னல் போய்விடும். அந்த நேரத்தில் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, ரிமோட்டை அணைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் விட வேண்டும்.

கடல் வேறு விஷயம். உப்புத் தண்ணீர் நுழைந்த எலெக்ட்ரானிக்ஸை நல்ல தண்ணீரில் உடனே கழுவினாலும் நம்ப முடியாது. உப்புத் தண்ணீர் புகுந்த லிப்போ பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடவே கூடாது. மெரினாவின் அலையும் கூட்டமும் இந்த விமானத்துக்கு ஏற்றவை அல்ல.

கேள்வி: இறங்கும்போது இறக்கையின் ஒரு பக்க மிதவை தண்ணீரில் குத்தி, விமானம் சுழன்றுவிடுகிறது. சாயங்காலம்தான் நேரம் கிடைக்கிறது.

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது மிதவை. விமானம் அசையாமல் மிதக்கும்போது இரண்டு மிதவைகளும் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், மிதவைகளின் மூக்கு மூன்று நான்கு டிகிரி மேல் பார்த்திருக்க வேண்டும். மூக்கு கீழே பார்த்த மிதவை, தொட்டதும் உள்ளே போகும்.

இரண்டாவது காற்று. கடலோர மாவட்டங்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். முடிந்தால் விடியற்காலையில் போங்கள். அப்போதும் கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர் வேண்டாம், லேசாகச் சிற்றலை இருக்கட்டும். அசையாத தண்ணீரில் உயரத்தைக் கண் சரியாக அளக்காது. பெரிய நீர்விமானம் ஓட்டுபவர்களும் இதற்கு அஞ்சுவார்கள். சிற்றலை இருந்தால் அடிப்பாகமும் சீக்கிரம் பிரிந்துவரும்.

மூன்றாவது உங்கள் விரல். பலர் தரையில் இறக்குகிற பழக்கத்தில் முன்கூட்டியே த்ராட்டிலை முழுக்க மூடிவிடுகிறார்கள். நேராகக் காற்றுக்கு எதிரே வந்து, கால்வாசி த்ராட்டிலோடு இறக்கையை மட்டமாக வைத்து, மூக்கு ஒரு சிறிது மேலே இருக்கத் தண்ணீரைத் தொடவிடுங்கள். தொட்ட பிறகு த்ராட்டிலைக் குறைக்கலாம்.

கிளம்பும்போதும் காற்றுக்கு எதிரேதான். முதலில் எலிவேட்டரைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள், விமானம் தண்ணீரின் மேல் ஏறி வழுக்க ஆரம்பித்ததும் தளர்த்துங்கள். வேகம் சேர்ந்த பிறகு லேசாக இழுத்தால் போதும். வெடுக்கென்று இழுத்தால் தண்ணீரை விட்டு வரும், உடனே ஒரு இறக்கை சரிந்து திரும்ப விழும்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் புழல் ஏரியில் விமானங்கள் இறங்கின என்று தாத்தா சொல்வார். உண்மையா? அதே விமானத்தைக் கட்ட ஆசை.

உண்மைதான். செங்குன்றம் ஏரி என்றும் சொல்லப்படும் அந்த ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் கேட்டலினா நீர்விமானங்களோடு இருந்தது. இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரியிலும் கேட்டலினாக்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4 அன்று கனடாவின் லெனர்ட் பிர்ச்சால் அங்கிருந்து கிளம்பித்தான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அவர் விமானம் சுடப்பட்டு, அவர் சிறைபிடிக்கப்பட்டார்.

உங்கள் ஆசையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நம் ஏரிக்குச் சொந்தமான விமானத்தை நம் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் அது உங்கள் இரண்டாவது நீர்விமானமாக இருக்கட்டும். இரண்டு மோட்டாரும் 1.4 மீட்டர் இறக்கையும் வைத்துக் கட்டினால் அழகாக இருக்கும். இரண்டு மோட்டாருக்கும் வெவ்வேறு வேகம் கொடுத்துத் தண்ணீரில் திருப்பலாம், நீர்ச் சுக்கான் தேவைப்படாது. அசலில் மிதவைகள் மடிந்து இறக்கை நுனியாகிவிடும். நீங்கள் அவற்றை அப்படியே நிலையாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏரியில் பறக்கவிட அனுமதி வேண்டுமா?

2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகளைப் படித்துவிடுங்கள். 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் மாடல்களைப் பற்றி அதில் தனியாகச் சொல்லியிருக்கிறது. விமானப் போக்குவரத்துத் துறையின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் ஏரி பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை பறக்கலாம், மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி வேண்டும். குடிநீர் ஏரிகளில் இறங்க வேண்டாம். வேடந்தாங்கல், பள்ளிக்கரணை போன்ற பறவைகளின் இடங்களுக்கு விமானத்தை எடுத்துப் போகவே கூடாது. ஊர் ஏரி என்றால் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நடு ஏரியில் நின்றுவிட்டால் எப்படி எடுப்பது? நீந்திப் போய்விடலாமா?

நீந்தாதீர்கள், நன்றாக நீந்தத் தெரிந்தாலும். நம் ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் வெளியே தெரியாது. கரையோரம் முழங்கால் ஆழம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். சேறும் ஆகாயத்தாமரையும் காலைப் பிடிக்கும். ஒரு ஃபோம் விமானத்துக்காக அந்த ஆபத்தில் யாரும் இறங்கக் கூடாது, பிள்ளைகளை இறங்கச் சொல்லவும் கூடாது.

தூண்டில் கோலின் நரம்பு நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டிக்கொண்டு போங்கள். விமானத்தைத் தாண்டி வீசி, நரம்பை இறக்கையில் சிக்கவைத்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். தூரம் அதிகம் என்றால் பரிசல்காரரைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லாத நாளில், காற்று கரையை நோக்கி அடிக்கும் பக்கமாக நின்று பறக்கவிட்டிருந்தால் காத்திருந்தாலே போதும். மிதக்கிற விமானத்தைக் காற்றே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.