நண்பரின் பதவி உயர்வும் உங்கள் தூக்கமும்

உங்களுக்கும் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரே நாளில் வேலையில் சேர்ந்த நண்பர் ஒரு படி மேலே போய்விட்டார், தூக்கம் வரவில்லை, "நான் அற்பனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முதலாளியைப் பார்த்தா வயிறு எரிகிறது? பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத்தானே! மனிதன் தன்னையொத்தவனோடுதான் தன்னை அளந்து பார்க்கிறான் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக் காட்சிகளை வைத்துச் செய்து 1995-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு தெரிந்தார்கள். வெள்ளிக்காரரின் கண் கைநழுவிய தங்கத்தின் மேல். வெண்கலக்காரருக்கோ வெறுங்கையோடு திரும்பாத நிம்மதி. நீங்கள் இப்போது வெள்ளி.

எனக்கும் இது நேர்ந்தது. வாழ்த்துச் செய்தியை நான்கு முறை தட்டி, நான்கு முறை அழித்தேன். கடைசியில் போனது ஒரே சொல், 'வாழ்த்துகள்'. ஆச்சரியக்குறி போடக்கூட மனம் வரவில்லை. மறுநாள் நண்பனிடம் நேரிலேயே போய், "எப்படித் தயாரானாய்?" என்று கேட்டேன். அவன் சொன்னதில் பாதி, நான் தட்டிக்கழித்த வேலைகள். எரிச்சல் போகவில்லை, ஆனால் அன்றிரவு தூங்கினேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள், இந்த வாரமே. தள்ளிப்போட்டால் இருவருக்கும் பேச்சே குறைந்துவிடும்.